பூசணம் பூத்த மொச்சை

ஒரு சீனாக்காரரைக்கூட நேரில் பார்க்காமல், சீனாக்காரர்கள் தின்பது குடிப்பது அத்தனையையும் வெறுத்த பெண் அருப்புக்கோட்டையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர்கள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் ஊரில் அவர்கள் என்னத்தையோ தின்றுவிட்டுப் போகட்டும். அதை எங்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து, வெயிலில் வைத்து, அதில் என் கல்யாணத்தையும் முக்கி எடுத்தவர் என் அய்யா. கோபமெல்லாம் அவர் மேல்தான்.

அய்யா இளவட்டமாக இருந்தபோதே ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர். மூட்டை தூக்கத்தான் போனார். போன இடத்தில் ஒரு சீனாக்காரர் கடையில் ஒட்டிக்கொண்டார். முன்னால் சாப்பாட்டுக் கடை, பின்னால் பெரிய முற்றம். அந்த முற்றம் நிறைய இடுப்பு உயர ஜாடிகளில் ஒரு கறுப்புத் தண்ணீர் வெயில் காய்ந்துகொண்டிருக்குமாம். அதைக் கிண்டிவிடுவதும் வடித்து எடுப்பதும் அய்யாவின் வேலை. சில வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வரும்போது பிஸ்கட் டின்னும் பூப்போட்ட குடையும் கொண்டுவருவார். ரங்கூன்காரர் மகள் என்று தெருவில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பற்றி அப்போதெல்லாம் அவர் வாய் திறந்ததில்லை. வருவதே கொஞ்ச நாள், அதில் எதற்கு வம்பு என்று இருந்திருப்பார்.

பிறகு சண்டை வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்தார்கள். அய்யா நடந்தவர். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிடந்தாள். ஒரு மத்தியான வேளையில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றபோது, யாரோ பிச்சைக்கு வந்திருக்கிறார் என்று நான் கம்பங்கஞ்சி எடுக்க உள்ளே போனேன். அம்மாதான் இருமல் சத்தத்தை அடையாளம் கண்டு ஓடிவந்தாள்.

அப்படித் திரும்பியவர்களில் சிலர் இடுப்பில் பொன் முடிந்துகொண்டு வந்ததாக ஊரில் பேச்சு. அய்யாவின் இடுப்பிலும் ஒரு முடிச்சு இருந்தது. அழுது முடித்து, தலைக்கு ஊற்றி, வயிற்றுக்குக் கஞ்சி ஊற்றிய பிறகு அம்மாவின் கண் அந்த முடிச்சுக்குப் போனது. ஆசை யாரை விட்டது. அவர் பதனமாக அவிழ்த்தார். உள்ளே பச்சையும் மஞ்சளுமாக ஒரு தூள் இருந்தது. அம்மா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“இது என்ன கருமம்?”

“உறை,” என்றார் அய்யா. “பாலுக்கு உறை ஊத்துறோம்ல, அது மாதிரி. இது பயறுக்கு.”

காட்டு வழியில் கூட வந்தவர்கள் பலர் விழுந்த இடத்திலேயே கிடந்தார்களாம். அய்யாவுக்குச் செருப்பு போயிற்று, சட்டை போயிற்று, முன்பல் இரண்டு போயிற்று. இந்தப் பூசணத்தூளை மட்டும் மழை படாமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார். மனிதர் உயிரோடு வந்து சேர்ந்ததே போதும் என்று அம்மா அதைத் தூக்கிப் பரணில் வைத்தாள். அது அங்கேயே கிடந்து மக்கியிருக்கலாம். எங்களுக்கு அவ்வளவு கொடுப்பினை இல்லை.

உடம்பு தேறத் தேற அய்யாவுக்கு நாக்கும் தேறிக்கொண்டது. காலையில் நாங்கள் கம்பங்கஞ்சியில் மோரை ஊற்றி, உப்புப் போட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்போம். அவருக்கு அரிசிக்கஞ்சி வேண்டும். அதுவும் எப்படி? ஒரு பிடி அரிசியை ஒரு பானைத் தண்ணீரில் போட்டு, சோறு எது தண்ணீர் எது என்று தெரியாமல் கரைகிற வரைக்கும் கொதிக்கவிட வேண்டும். உப்புப் போடக் கூடாது. பச்சைப் பிள்ளை கக்கியதுபோல வெள்ளையாக வழவழவென்று இருக்கும். அதை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, சீனாக்காரன் விடிந்தால் முகத்தில் முழிப்பதே இந்தக் கஞ்சியில்தான் என்பார். அரிசிக்கு ரேஷன் வந்து, ஊரே கம்பும் குதிரைவாலியுமாகக் காலந்தள்ளிய நேரம் அது. இருக்கிற அரிசியை இப்படிக் கூழாக்குகிறாரே என்று அம்மாவுக்கு அடிவயிறு எரியும்.

பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அக்கினி நட்சத்திரத்திலும் வெந்நீர்தான். மண்பானைத் தண்ணீரை நாங்கள் அண்ணாந்து குடிக்கும்போது, நோயாளிகளைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தால் கதை தொடங்கிவிடும். வாத்து முட்டையைச் சாம்பலும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி மாதக்கணக்கில் போட்டுவைப்பார்களாம். உடைத்தால் வெள்ளைக்கரு கறுப்பாகக் கண்ணாடிபோல இருக்குமாம். மஞ்சள்கரு பச்சையாகிக் குழைந்துவிடுமாம். பயற்றை அரைத்துப் பால் எடுத்து, அதைத் திரித்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டியையும் சும்மா விடாமல் பஞ்சுபோலப் பூசணம் பிடிக்கவைத்து, உப்பில் போட்டு, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வார்களாம். அவர் சொல்லச் சொல்ல என் கையில் இருந்த கவளம் தட்டுக்கே திரும்பிப் போகும்.

“சோத்து நேரத்துல இதைப் பேசாதீக,” என்பாள் அம்மா. “பிள்ளை ஓங்கரிக்கா பாருங்க.”

“நீங்க கருவாடு திங்கலையா? அது மட்டும் மல்லியப்பூவா மணக்குது?”

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஏதோ வழக்கில் ஜெயித்ததுபோலச் சிரிப்பார். எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. கருவாடு கருவாட்டு நாற்றம் நாறுகிறது. அது அதன் பிறப்பு. நல்ல மொச்சையை, கழுவி வேகவைத்தால் வீடே மணக்கிற மொச்சையை, வேண்டுமென்றே அழுகவிட்டு நாறடிப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத மனிதரோடு என்ன பேச?

ஆம், மொச்சைதான். கஞ்சியிலும் சோற்றிலும் உப்புக்குப் பதிலாக ஊற்றும் அந்தக் கறுப்புத் தண்ணீருக்கென்றே சீனாக்காரர்கள் ஒரு பயறு வைத்திருக்கிறார்களாம். அது இங்கே கிடைக்கவில்லை. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கரிசல் காட்டில் விளைந்த மொச்சையை ஒரு மூட்டை வாங்கி வந்தார். வேகவைத்தார். கம்பு மாவை வறுத்து அதில் புரட்டினார். பரணில் இருந்த தூளை எடுத்துத் தூவினார். சுளகுகளில் பரப்பி, பூவரச இலையால் மூடி, இருட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். அந்த அறையில்தான் என் துணிப்பெட்டி இருந்தது.

நான் மாற்றுத்துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அது வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் மொச்சை மேல் எலிக்குஞ்சின் மயிர்போல வெள்ளையாக முளைத்தது. பிறகு மஞ்சளானது. பிறகு பச்சை. சுளகைத் தொட்டால் சூடாக இருக்கும், ஏதோ உயிருள்ள பிராணி படுத்திருப்பதுபோல. இலையைத் தூக்கினால் புகைபோலத் தூள் பறக்கும். நான் தும்மித் தும்மி மூக்கு சிவந்து வெளியே வருவேன். என் தாவணியிலும் ஜாக்கெட்டிலும் அந்த முடை ஏறிக்கொண்டது. கோயிலுக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவள் நகர்ந்து நின்றாள். அய்யாவோ சுளகின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “பூத்திருச்சு, பூத்திருச்சு,” என்று தோட்டக்காரர்போலப் பூரித்துப்போனார்.

பூத்ததை ஜாடியில் போட்டு உப்புத் தண்ணீர் ஊற்றி முற்றத்தில் வைத்தார். ரங்கூனில் பாதி வருஷம் மழையாம், ஜாடியை மூடுவதும் திறப்பதுமே வேலையாம். இங்கே மூடவே வேண்டாம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மழையில்லை என்று ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அருப்புக்கோட்டை வெயிலை மெச்சிய ஒரே ஆள் அவர்தான்.

அந்த வெயிலில் ஜாடி கொதித்தது. நாற்றம் என்றால் சாதாரண நாற்றம் இல்லை. பழைய வியர்வைத்துணி, எரிந்த கருப்பட்டி, குளத்துச் சேறு, எல்லாம் கலந்த ஒன்று. ஈ அப்பிக்கொண்டது. துணிகட்டி மூடியும் உள்ளே புழு வைத்தது. நான் கண்ணால் பார்த்தேன். வெள்ளைப் புழு, ஜாடியின் உள்விளிம்பில் நெளிந்து ஏறியது. நான் போட்ட கூச்சலில் தெருவில் தறிச் சத்தமே நின்றது. அய்யா ஓடிவந்து, ஒரு ஈர்க்குச்சியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

“இதுக்குப் போயி கத்துறியே தாயி. வெயில் ஏறுனா தானாச் செத்துரும். அப்புறம் எல்லாம் உப்புதானே.”

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு நெசவுக்காரம்மா வீட்டுக்குள் தெலுங்கில் ஏதோ திட்டித் தீர்த்துவிட்டு, வெளியே வந்து தமிழில் நாகரிகமாகச் சொன்னார்: “அக்கா, எங்க தறிப் பாவுநூலுக்குப் போடுற கஞ்சி நாலு நாள் புளிச்சாக்கூட இந்த நாத்தம் வராது. அண்ணனுக்கு எடுத்துச் சொல்லுங்க.” அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எடுத்துச் சொல்லாமலா இருந்தோம்?

மற்றப் பெண்களுக்குக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை, நகை, பட்டு. எனக்குக் கல்யாணம் என்றால் நல்ல காற்று. மாப்பிள்ளை எப்படி இருந்தாலும் சரி, அவன் வீட்டு முற்றத்தில் மாடு கட்டியிருக்கட்டும், எருக்குழி இருக்கட்டும். ஜாடி மட்டும் இல்லாமல் இருந்தால் போதும். இந்த ஒரு வேண்டுதலைத்தான் சாமியிடம் வைத்தேன். வேறு எதுவும் கேட்டதாக நினைவில்லை.

முதலில் காரியாபட்டியிலிருந்து ஒரு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகு வேண்டாம் என்று சொல்வது உண்ட வீட்டுக்கு இரண்டகம். அதனால் எவ்வளவு பசித்தாலும் வெற்றிலையை மட்டும் தொட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இது அய்யாவுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அவருக்குச் சீனாக்காரர் கடையில் கற்ற மரியாதை ஒன்று இருந்தது. வந்தவருக்கு முதலில் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வந்தவரை அவமதித்ததுபோல. “குடிக்கத்தானே போறாக. கையா நனையப் போகுது?” என்று சட்டம் பேசிக்கொண்டு, தேயிலையில் வெந்நீரை ஊற்றி, பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல், தம்ளரில் வைத்து ஆளுக்கொன்றாக நீட்டினார்.

பால் இல்லாத தண்ணீரை நல்ல காரியத்துக்கு வந்தவர்களுக்கு யாராவது கொடுப்பார்களா? துக்க வீட்டில்தான் கடுங்காப்பி கொடுப்பது. பிணம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டாத வீட்டில், அழுது களைத்தவர்கள் தொண்டை நனைக்கக் கொடுக்கும் சாமான் அது. மாப்பிள்ளையின் அம்மா தம்ளருக்குள் பார்த்தார். பிறகு அய்யாவைப் பார்த்தார்.

“இந்த வீட்டுல யாரு தவறிட்டாக?”

அய்யா சிரித்துக்கொண்டே, “ஒருத்தரும் தவறலைங்க, இது உடம்புக்கு நல்லது,” என்றார். உடம்புக்கு நல்லது என்றால் கஷாயம். கஷாயம் என்றால் நோய். அவர்கள் வண்டி கட்டிப் போனபிறகு தகவல் வந்தது. அந்த வீட்டில் ஒன்று சாவு இருக்கிறது, இல்லை சீக்கு இருக்கிறது, எதுவாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம் என்றார்களாம். நான் அன்றைக்கு அழவில்லை. முற்றத்தில் இருந்த ஜாடியை ஓர் உதை விட்டேன். அது அசையவில்லை, என் கட்டைவிரல்தான் வீங்கியது.

அடுத்து வந்தது திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடு. மானாவாரி விவசாயம், ஓட்டுவீடு, ஒரே பையன். மாப்பிள்ளையின் அப்பாவும் கடல் கடந்து போய் வந்தவர்தான், பினாங்கில் இருந்தாராம் என்று தரகர் சொன்னார். எங்கள் சீமையில் வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்தவர், அதனால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் கவலையெல்லாம் ஜாடி. வருவதற்கு முதல்நாளே அதைச் சிந்தாமல் நகர்த்திக்கொண்டுபோய் மாட்டுத் தொழுவில் வைத்து, மேலே பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் வைக்கோலைப் போட்டு மறைத்தாள். வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். தேயிலை டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இன்னைக்கு ஒரு நாளு மட்டும் ரங்கூனை மறந்துருங்க,” என்று அய்யாவிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். “பிள்ளை கரையேறணும்.”

அவரும் தலையாட்டினார். அம்மா எங்கிருந்தோ அரிசி புரட்டி, நம்பிக்கையோடு சோறும் பருப்பும் ஆக்கி மூடிவைத்தாள். எல்லாம் சரி, பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான். தொழுவில் இருந்தது தொழுவிலேயே இருக்குமா? மத்தியான வெயில் ஏறியதும், காற்று எங்கள் வீட்டுப் பக்கமாகத் திரும்பியது. சாம்பிராணியைத் தள்ளிக்கொண்டு அது உள்ளே நுழைந்தது.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளையின் அப்பா மூக்குப்பொடிக்காரர். உட்கார்ந்ததிலிருந்து பொடியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த வாடையும் எட்டவில்லை. தாய்மாமன் முகத்தைச் சுளித்து, மாடு ஏதும் செத்துக்கிடக்கிறதா என்பதுபோல இங்குமங்கும் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மாவோ ஒரே நொடியில் முகம் வெளுத்துப்போனார். நான் வெற்றிலைத் தட்டோடு நின்றவள் அதைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கழுத்தையோ காதையோ பார்க்கவில்லை. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு தொழுப் பக்கமே பார்த்தார். பிறகு புருஷனின் முழங்கையைத் தொட்டார்.

“கிளம்புவோம். எனக்கு ஒரு மாதிரியா வருது.”

“இப்பத்தானே வந்தோம்?”

“பரவாயில்ல. இன்னொரு நாளைக்கு வருவோம். எந்திரிங்க.”

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். இந்த நாற்றத்திலேயே நான் நரைத்து, இந்தச் சுளகுகளோடு சுளகாக அந்த இருட்டறையில் கிடந்து சாகப்போகிறேன் என்று தோன்றியது. அம்மா கதவோரம் நின்று வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். அய்யா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுந்து நின்ற மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தும்மல் வந்தது. வீடு அதிரத் தும்மினார். துண்டால் மூக்கைச் சிந்தித் துடைத்தார். மூச்சை இழுத்தார். பாதி இழுப்பில் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணாச்சி, இது என்ன வாடை?”

அய்யா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணாலேயே எரித்தாள். “அது ஒண்ணுமில்லைங்க. மாட்டுத் தொழு வாடை,” என்றார் அய்யா, முனகலாக.

“மாட்டு வாடை எனக்குத் தெரியாதா?”

“வாங்க போவோம்,” என்று அவர் மனைவி துண்டைப் பிடித்து இழுத்தார். அவர் துண்டை விட்டுவிட்டு நடந்தார். யாரையும் கேட்கவில்லை. நேராகத் தொழுவுக்குப் போனார். வைக்கோலைத் தள்ளினார். பஞ்சாரத்தைத் தூக்கினார். ஜாடியின் துணியை விலக்கி, ஈயைக் கையால் ஓட்டிவிட்டு, சுட்டுவிரலை உள்ளே விட்டு எடுத்தார். விரலிலிருந்து கறுப்பாகச் சொட்டியது. பெரிய மனிதர், மீசை நரைத்தவர், கண்ணை மூடிக்கொண்டு அந்த விரலைச் சப்பினார்.

“பினாங்குல எங்க கடைத்தெருவுல ஒரு சீனன் இதை ஊத்தித்தான் கஞ்சி குடுப்பான்,” என்றார். “செத்தாத்தான் அந்த ருசி போகும்னு இருந்தேன். அண்ணாச்சி, இது எப்படி இங்க?”

அய்யாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. “நாந்தாங்க போட்டேன். மொச்சையில,” என்றார். இரண்டு பேரும் ஜாடிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல அந்த அசிங்கத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

அதற்குள் தாய்மாமனுக்குச் சட்டச் சிக்கல் வந்துவிட்டது. “மச்சான் வாயில வச்சுட்டாக. கை நனைஞ்ச கணக்கா, இல்லையா?” என்றார். “ஒத்த விரல்தானே. அது கணக்கில்ல,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா அவசரமாக. “விரலுன்னாலும் பொண்ணு வீட்டு உப்புதானேங்க,” என்று என் அம்மா கதவோரத்திலிருந்து முதல்தடவையாக வாய் திறந்தாள். ஜாடியை முற்றத்தில் வைத்த நாளிலிருந்து சபித்தவள், அதற்காக வாதாடத் தொடங்கிவிட்டாள். பிள்ளை கரையேற வேண்டுமே.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு முடிவோடு திரும்பினார். “எதுக்குச் சந்தேகம்? அண்ணாச்சி, கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்க. முழுக் கையா நனைச்சுடுறேன்.”

“வேண்டாங்க! நனைச்சுராதீக!” என்று அவர் மனைவி போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். யார் கேட்டது? அம்மா மின்னலாக இலை போட்டுச் சோற்றை வைத்தாள். அய்யா கரண்டியால் அந்தக் கறுப்புத் தண்ணீரை எடுத்து ஊற்றினார். வெள்ளைச் சோறு சேறு பட்டதுபோல ஆனது. பருப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா மணிக்கட்டுவரை நனைய நனையப் பிசைந்து சாப்பிட்டார். சம்பந்தம் முடிந்தது. என்னை ஒருவரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

எனக்கு அவமானம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிம்மதி இருந்தது. நாறினாலும் அது எனக்கு வழிவிட்டது, இனி அது இருக்கிற திசைக்கே திரும்ப வேண்டாம் என்று இருந்தேன். கல்யாணம் முடிந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அம்மா பித்தளைக் குடத்தையும் குத்துவிளக்கையும் ஏற்றினாள். கடைசியில் அய்யா வந்தார். கையில் ஒரு ஊறுகாய் ஜாடி. வாயைத் துணியால் கட்டி, மேலே மஞ்சள் குங்குமம் வேறு வைத்திருந்தார்.

“உங்க மாமா கேட்டாக தாயி. மடியில வச்சுக்கோ. வண்டி ஆட்டத்துல சிந்திரும்.”

அருப்புக்கோட்டையிலிருந்து அந்தக் கிராமம் வரை, கூரைப்புடவை மடியில் அதை வைத்துக்கொண்டு போனேன். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் துணி வழியாகக் கசிந்தது. பட்டில் விழுந்த அந்தக் கறை போகவே இல்லை. மாப்பிள்ளை என்னிடம் முதல் வார்த்தை பேசக் குனிந்தவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்காரர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றார். என் மடியைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. சுற்றிலும் சொந்தக்காரர்கள். அவர் ஆரத்தியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, பொட்டு வைக்கிற சாக்கில் என் காதருகே வந்து சொன்னார்: “ஏத்தா, பினாங்குலருந்து இவுக கொண்டாந்த ஜாடியை நான் கெணத்துல போட்டு, அந்த நாத்தம் போக எத்தனை வருசமாச்சு தெரியுமா? வேலியில போன ஓணானை மடியில தூக்கிட்டு வந்திருக்கியே.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அன்றைக்கு அவர் ஏன் அப்படி எழுந்து ஓடப் பார்த்தார் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்கும் ஆகாது அத்தை. என்னையக் கேட்டா குடுத்தாக?” என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முந்தானையை எடுத்து, என் மூக்கில் வைத்து உள்ளே கூட்டிப்போனார். மாமியாரும் மருமகளும் சண்டை போடாத வீடு என்று அந்தத் தெருவில் எங்களுக்குப் பெயர். எங்களுக்கு ஒருவரை ஒருவர் திட்ட நேரமே கிடைத்ததில்லை.

மாமா அங்கேயும் மொச்சையைப் பூக்கவைத்தார். அவர் வெளியூர் போனால் கிண்டிவிடுவது என் தலையில் விழும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிண்டுவேன். அய்யா மாதம் ஒருமுறை வருவார். மகளைப் பார்க்க என்று பெயர். சம்பந்திகள் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து, உப்பில்லாத கஞ்சியில் அதைச் சொட்டச் சொட்ட ஊற்றிக் குடிப்பார்கள். உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும். நானும் அத்தையும் கொல்லைப் பக்கம் போய்விடுவோம். ஒருமுறை அய்யா போகும்போது, “ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாரேன் தாயி,” என்றார். “செத்தாலும் மாட்டேன்,” என்றேன். “சரி, சரி,” என்று சிரித்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

சண்டை முடிந்தது. ரங்கூனுக்குத் திரும்பப் போகிறவர்கள் போனார்கள். அய்யாவுக்கும் போகும் எண்ணம் இருந்தது, உடம்புதான் இடம் கொடுக்கவில்லை. காட்டில் பிடித்த காய்ச்சல் வருஷத்துக்கு வருஷம் திரும்பித் திரும்பி வந்தது. ஒரு மாசி மாதத்தில் அது அவரைக் கொண்டுபோய்விட்டது. அய்யா வீட்டு முற்றத்து ஜாடி காலியாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அம்மா அதைக் கழுவித் தவிட்டுப் பானையாக்கிவிட்டாள்.

கருமாதிக்கு முதல்நாள் அம்மாவிடமிருந்து ஆள் வந்தார். வேறெதுவும் கேட்கவில்லை. “ஜாடியைக் கொண்டாரச் சொன்னாக,” என்றார். மாமா போட்டதில் கொஞ்சத்தை அந்த ஊறுகாய் ஜாடியில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். இந்தமுறையும் மடியில்தான்.

படையலில் அவருக்குப் பிடித்தது எல்லாம் வைத்தார்கள். அவருக்குப் பிடித்தது அவ்வளவு ஒன்றும் இல்லை. கரையக் கரையக் காய்ச்சிய கஞ்சி ஒரு கும்பா. பாலில்லாத தேத்தண்ணீர் ஒரு தம்ளர். இந்தமுறை அது இருக்க வேண்டிய வீட்டில்தான் இருந்தது. கஞ்சியில் கறுப்புத் தண்ணீரை நான்தான் ஊற்ற வேண்டும் என்றாள் அம்மா. துணியை அவிழ்த்தேன். சூடான கஞ்சியில் அது பட்டதும், அந்தப் பழைய நாற்றம் ஆவியோடு சேர்ந்து நேராக முகத்தில் அறைந்தது. கொஞ்சமும் குறையவில்லை. அம்மாவின் கை வழக்கம்போல முந்தானைக்குப் போய், பாதியில் திரும்பிக் கும்பிட்டது.

“பிள்ளைக கும்பிட்டுக்கோங்க,” என்றார் யாரோ.

அது வீடு முழுக்க ஏறிக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்த எனக்குக் கை இல்லை. இரண்டு கையும் கும்பிட்டிருந்தன.